பகாரில் பிடித்த பணம்

மும்பைத் தமிழர் சம்பளத்தைப் பகார் என்பார்கள். பகார் நாளில் நாம் என்ன செய்கிறோம்? கைக்கு வந்த பணத்தை எண்ணுகிறோம். கடைக்காரருக்கு இவ்வளவு, வீட்டு வாடகைக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்று பிரிக்கிறோம். சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைக்கிறோம். பிறகு அது எங்கே போனது என்று தெரியாது.

அந்தச் சீட்டை இன்று எடுங்கள். அதில் 'பிடித்தம்' என்ற இடத்தைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருக்கிறதா?

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம். இதற்கான சட்டம் 1948ஆம் ஆண்டு வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்தச் சட்டம் இப்போது வேறு சில சட்டங்களோடு சேர்ந்து ஒரே சமூகப் பாதுகாப்புச் சட்டமாகி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது. சட்டத்தின் பெயர் மாறினாலும் திட்டம் தொடர்கிறது.

பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கு இது பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் சேர வேண்டும். உடல் ஊனமுற்றவர்களுக்கு 25,000 ரூபாய் வரை.

எவ்வளவு பிடிப்பார்கள்? 100 ரூபாய்க்கு 75 காசு. முதலாளி தன் பங்காக 100 ரூபாய்க்கு 3 ரூபாய் 25 காசு போட வேண்டும். உங்கள் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 113 ரூபாய். முதலாளி பங்கு 488 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 601 ரூபாய். முதலாளியின் பங்கை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சில இடங்களில் இரண்டு பங்கையும் தொழிலாளி தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். ஆகவே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தப் பணம் கட்டினால் மருத்துவம் கிடைக்கும். இது பலருக்குத் தெரியும். நோயால், விபத்தால், பிள்ளைப்பேற்றால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் கிடைக்கும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கேட்கும்போது தடங்கல் வருகிறது. ஏன் வருகிறது? இரண்டு பேரின் கதையைப் பார்ப்போம். கதை கற்பனைதான். ஆனால் இப்படி நடக்கிறது.

வள்ளியின் கணக்கு

வள்ளி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருக்கிறாள். செம்பூரில் ஒரு துணி தைக்கும் கம்பெனியில் வேலை. அங்கே 30 பேர் வேலை செய்கிறார்கள். மூன்று வருடமாக அவள் பகாரில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. டிசம்பர் மாதம் அவளுக்கு ஆறு மாதம். மார்ச்சில் பிள்ளை பிறக்கும்.

பிள்ளைப்பேறு விடுப்புக்குப் பணம் கேட்கலாம் என்று வள்ளி கிளை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள்.

"உங்கள் பெயரில் 40 நாளுக்குத்தான் பணம் வந்திருக்கிறது. 70 நாள் வேண்டும்" என்றார்கள்.

வள்ளிக்குத் தலை சுற்றியது. பக்கத்து வீட்டு மதினியிடம் வந்து சொன்னாள்.

"மாசாமாசம் பிடிச்சாங்களே மதினி! ஒரு நாள்கூட நான் லீவு போடலையே!"

"சீட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டாள் மதினி.

"அரிசி டப்பாவுக்கு அடியில போட்டு வச்சிருக்கேன்."

"அப்போ பயப்படாதே. உன்கிட்ட பிடிச்சதுக்கு அதுதான் சாட்சி."

மதினி சொன்னது சரி. வள்ளியின் கம்பெனி பணத்தைப் பிடித்தது. ஆனால் கட்டவில்லை. பிடித்த பணம் கம்பெனியின் பணம் அல்ல. தொழிலாளி நம்பி ஒப்படைத்த பணம். அதைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம். முதலாளி கட்டத் தவறினாலும், கட்டியிருக்க வேண்டும் என்று உறுதியானால் இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குப் பணம் கொடுக்கலாம். பிறகு அதை முதலாளியிடம் வசூல் செய்யும். தாமதத்துக்கு வட்டியும் வாங்கும்.

ஆனால் இது தானாக நடக்காது. எழுதிக் கொடுக்க வேண்டும். வள்ளி சம்பளச் சீட்டுகளை நகல் எடுத்தாள். வருகை அட்டையை நகல் எடுத்தாள். புகார் எழுதிக் கொடுத்தாள். இன்னொரு நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டாள். அதிகாரி கம்பெனிக்கு வந்து பதிவேடுகளைப் பார்த்தார்.

வள்ளிக்கு எவ்வளவு கிடைக்கும்? பிள்ளைப்பேறு விடுப்பு 26 வாரம். அதாவது 182 நாள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். சம்பளம் முழுவதும் கிடைக்கும். நாளுக்குச் சராசரி 500 ரூபாய் என்றால் 182 நாளுக்கு 91,000 ரூபாய். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்தான். கரு கலைந்து போனால் 6 வாரம். இந்த விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

70 நாள் எந்த நாட்களில் இருக்க வேண்டும்? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இ.எஸ்.ஐ. ஒரு வருடத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். விதைக்கும் மாதம் வேறு, அறுக்கும் மாதம் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வள்ளிக்குப் பிரசவம் மார்ச்சில். ஆகவே போன செப்டம்பர் வரை உள்ள ஒரு வருடத்தில், இரண்டு அரை வருடமும் சேர்த்து, 70 நாள் இருந்தால் போதும்.

இ.எஸ்.ஐ. எண்ணில் 10 இலக்கம் இருக்கும். அந்த எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் கணக்கைப் பார்க்கலாம். செல்போன் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வள்ளி மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. ஆறாம் மாதத்தில்தான் பார்த்தாள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், வங்கிக் கணக்கில் வேறு பெயர் இருந்தாலும் பணம் நின்றுவிடும். அதையும் முன்கூட்டியே திருத்திக்கொள்வது நல்லது.

முத்துவின் விரல்

முத்து தாராவியில் தோல் பை செய்யும் கார்கானாவில் வேலைக்குச் சேர்ந்து 12 நாள்தான் ஆகிறது. அங்கே 14 பேர் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் தோல் வெட்டும் இயந்திரத்தில் விரல் மாட்டிக்கொண்டது. நுனி போய்விட்டது.

மேஸ்திரி முத்துவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். வழியில் சொன்னார்.

"தம்பி, வீட்டில் அடிபட்டது என்று சொல். செலவு எல்லாம் சேட் பார்த்துக்கொள்வார்."

வலியில் இருப்பவன் என்ன சொல்வான்? தலையை ஆட்டினான். நல்ல வேளை, கூட வந்த அண்ணாச்சி விடவில்லை.

"கேஸ் பேப்பரில் எழுதுவதுதான் நாளைக்கு நிற்கும். எங்கே அடிபட்டதோ அதைச் சொல்" என்றார்.

முத்து உண்மையைச் சொன்னான். கேஸ் பேப்பரில் 'வேலை செய்யும் இடத்தில், இயந்திரத்தில்' என்று எழுதினார்கள்.

மேஸ்திரி ஏன் அப்படிச் சொன்னார்? முத்துவின் பெயர் இன்னும் பதிவாகவில்லை. விபத்து என்று தெரிந்தால் அதிகாரி வருவார். 14 பேரில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார். செலவுக்குப் பணம் தருவதில் சேட்டுக்குக் கஷ்டம் இல்லை. அது ஒரு மாதச் செலவு. முத்துவுக்கோ விரல் வாழ்நாள் முழுவதும் இல்லை.

வேலையில் அடிபட்டால் 78 நாள், 70 நாள் என்ற கணக்கே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உரிமை உண்டு. அடிபட்ட நாளை விட்டுவிட்டு குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும். குணமாகும் வரை சராசரிச் சம்பளத்தில் 100க்கு 90 பங்கு கிடைக்கும். நாள் சராசரி 500 ரூபாய் என்றால் 450 ரூபாய். விரல் போனதுபோல் நிரந்தர ஊனம் ஆனால் மருத்துவக் குழு பார்க்கும். சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று முடிவு செய்யும். அதற்கு ஏற்ற பணம் உண்டு. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், பணம் கேட்கலாம்.

விபத்து நடந்தால் முதலாளிக்கு உடனே தெரிவியுங்கள். விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பார்த்தவர் இரண்டு பேர் பெயரைக் குறித்து வையுங்கள். முதலாளி விபத்து அறிக்கை அனுப்பவில்லை என்றால் நீங்களே கிளை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

காய்ச்சலும் சான்றும்

சாதாரண நோய்க்கு வேறு கணக்கு. அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். கிடைப்பது 100க்கு 70 பங்கு. வருடத்துக்கு 91 நாள் வரை. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஒன்பது மாதம் நோய்க்காலப் பணம் வராது. ஆனால் மருத்துவம் முதலிலிருந்தே உண்டு.

இங்கே பலர் சான்றில்தான் தடுக்கி விழுகிறார்கள். தெருமுனை டாக்டர் கொடுத்த சீட்டு இருக்கும். ஊருக்குப் போய் திருநெல்வேலியில் வைத்தியம் பார்த்த சீட்டு இருக்கும். அவை மட்டும் போதாது. இ.எஸ்.ஐ. மருத்துவர் கொடுக்கும் சான்று வேண்டும். மும்பையில் இ.எஸ்.ஐ. பட்டியலில் உள்ள தனியார் டாக்டர்களும் இந்தச் சான்றைக் கொடுக்கிறார்கள். வேறு இடத்தில் வைத்தியம் பார்த்திருந்தால், அந்தக் காகிதங்களை எல்லாம் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். தாமதிக்காமல் போங்கள். பணம் வாங்கும் நாட்களில் வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது. போனால் பணமும் போகும், வழக்கும் வரும்.

காசநோயை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். நெருக்கமான குடியிருப்புகளில் அது எளிதாகப் பரவுகிறது. மருந்து பல மாதம் சாப்பிட வேண்டும். 91 நாள் போதாது. ஆகவே காசநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 100க்கு 80 பங்கு கிடைக்கும். இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அதில் 156 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். இது தெரியாமல் மருந்தைப் பாதியில் விட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

இத்திட்டத்தில் ஒரு குறையும் இருக்கிறது. பிள்ளைக்கோ தாய்க்கோ நோய் வந்தால் மருத்துவம் கிடைக்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் நாட்களுக்குப் பணம் கிடையாது. பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2004 முதல் குடும்பத்தாரைக் கவனிக்க எடுக்கும் விடுப்புக்கும் காப்பீட்டிலிருந்து பணம் தருகிறார்கள். நம் தொழிற்சங்கங்களும் இதைக் கேட்க வேண்டும்.

பத்துப் பேர் இல்லாத இடத்தில்

தாராவியில் நான்கு பேர், ஐந்து பேர் வேலை செய்யும் கார்கானாக்கள் ஏராளம். அங்கே இ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. முதலாளியும் பெரும்பாலான தொழிலாளரும் ஒப்புக்கொண்டால் தாமாகவே சேரலாம். சேராவிட்டாலும், வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். இந்த உரிமை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இன்றும் இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். முதல் பிள்ளைப்பேற்றுக்கு மத்திய அரசின் தாய்மைத் திட்டத்தில் 5,000 ரூபாய் உண்டு. அங்கன்வாடியில் விவரம் சொல்வார்கள்.

பணம் மறுக்கப்பட்டால்

"கிடையாது, போ" என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கிளை மேலாளரைப் பாருங்கள். அடுத்து லோயர் பரேலில் உள்ள மண்டல அலுவலகம், பஞ்சதீப் பவன். குறை கேட்கும் கூட்டமும் நடத்துகிறார்கள். அதற்கு சுவிதா சமாகம் என்று பெயர். அங்கும் தீரவில்லை என்றால் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது. கோரிக்கை கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் தாமதிக்காதீர்கள்.

கடிதத்தை மராத்தி அல்லது இந்தியில் எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்ன பிறகே கையெழுத்துப் போடுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

ஐயா,
என் இ.எஸ்.ஐ. எண் ........... நான் ........... கம்பெனியில் ........... தேதியிலிருந்து வேலை செய்கிறேன். என் சம்பளத்தில் மாதந்தோறும் ........... ரூபாய் பிடிக்கிறார்கள். என் கணக்கில் ........... நாளுக்கு மட்டுமே பணம் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். சம்பளச் சீட்டு நகல்கள் இணைத்துள்ளேன். விசாரித்து, எனக்கு உரிய பணத்தைத் தரவும். முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்.

எழுதுங்கள், கணக்குப் போடுங்கள்

1. மேலே உள்ள கடிதத்தை உங்கள் பெயரில், உங்கள் எண்ணோடு எழுதுங்கள்.

2. ஒருவருக்கு 10 நாள் காய்ச்சல். நாள் சராசரி 500 ரூபாய். முதல் இரண்டு நாளைக் கழித்துவிட்டால் எத்தனை ரூபாய் கிடைக்கும்?

3. முத்து 40 நாள் வேலைக்குப் போகவில்லை. நாள் சராசரி 600 ரூபாய். எத்தனை ரூபாய் கிடைக்கும்?

4. உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரிடம் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது? கேட்டு எழுதுங்கள்.