'வீஸ்' என்னும் குறை வாய்பாடு

லத்தீனில் 'வீஸ்' என்றால் விசை, வலிமை. இடத்தைப் பொறுத்து வன்முறை. லத்தீன் படிக்கிறவர்கள் வாய்பாட்டில் இந்தச் சொல்லை எட்டியதும் சற்றே திகைப்பார்கள். ஒருமையில் எழுவாய் வீஸ், இரண்டாம் வேற்றுமை விம், 'ஆல்' பொருளில் வீ. நான்காம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் உரிய கட்டங்களில் பல இலக்கண நூல்கள் வெறும் கோடு போட்டிருக்கும். செவ்வியல் நூல்களில் அந்த வடிவங்கள் அவ்வளவு அரிது. பன்மையில் குறையில்லை: வீரேஸ், வீரியும், வீரிபுஸ்.

வாய்பாட்டை மட்டும் நெட்டுருப் போட்டால் இது மனத்தில் தங்காது என்பது என் அனுபவம். ஒவ்வொரு வடிவத்தையும் அது புழங்கிய இடத்தோடு பிடித்துக்கொள்ள வேண்டும். கி.மு. 52இல் குளோடியஸ் கொலைக்காக மைலோ விசாரிக்கப்பட்டபோது சிசரோ அவருக்காக வாதாடினார். அந்தக் குற்றச்சாட்டின் பெயர் 'தே வீ', அதாவது வன்முறை பற்றியது. வன்முறையை வன்முறையால் தடுக்கலாம் என்பது ரோமானியச் சட்டக் கொள்கை. அதன் லத்தீன் வடிவம் 'விம் வீ' என்றுதான் தொடங்குகிறது. நம் ஐயும் ஆலும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள்!

எனக்கு மிகவும் பிடித்த இடம் நியூட்டனின் பிரின்சிப்பியா (1687). இரண்டாம் விதியில் அவர் 'வீ' என்று எழுதுகிறார். பார்வைக்கு 'விசையால்' போலத் தெரியும். ஆனால் அதைத் தழுவிவரும் அடைமொழி 'இம்ப்ரெஸ்ஸே'. 'ஆல்' பொருளாக இருந்தால் 'இம்ப்ரெஸ்ஸா' என்று வந்திருக்கும். ஆகவே இது 'விசைக்கு'. நாமும் 'விசைக்கு நேர்த்தகவில்' என்றுதானே படித்தோம்? கோடு போட்ட கட்டத்தை இயற்பியல் நிரப்பிவிட்டது. பெயர்ச்சொல் குழப்பினால் அடைமொழியின் ஈற்றைப் பார்க்கும் பழக்கம் இங்கிருந்தே வரலாம்.

பன்மையில் வேறொரு பொறி. ஆண்மகனைக் குறிக்கும் 'விர்' இதற்கு மிக அருகில் நிற்கிறது: 'விரீஸ்' ஆண்களுக்கு, 'வீரேஸ்' வலிமைகள். லத்தீன் அச்சில் குறில் நெடில் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால் 'வி', 'வீ' வேறுபாடு கண்ணில் நிற்கும். இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

'நீ விரும்புகிறாய்' என்பதும் 'வீஸ்'தான். வாக்கியத்தில் வேறு வினைமுற்று இல்லையென்றால் முதலில் அந்தப் பொருளை வைத்துப் பார்ப்பது நல்லது.