எந்த ஆண்டின் கப்பல்?

அன்புள்ள கதிர்,

விக்டரி கப்பலின் மாதிரியை மரத்தில் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். டிரஃபால்கர் போரில் நெல்சன் உயிர்விட்ட கப்பல். மாதிரிக் கப்பல் செய்கிற யாருக்கும் அதன்மேல் ஒருநாள் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் முதல் கப்பலாக அதை எடுக்காதே. மூன்று பீரங்கித் தளங்கள், 104 பீரங்கிகள். பீரங்கி என்றால் குழல் மட்டும் இல்லை. அதற்கு நான்கு சக்கர வண்டி வேண்டும், சுடும்போது பின்னுக்கு வரும் உதைப்பைத் தாங்கும் வடம் வேண்டும், இருபுறமும் இழுக்கக் கப்பிகள் வேண்டும். அதையே நூறு தடவை செய்தால் கை தேறும், மனம் சலித்துவிடும். விக்டரியில் தொடங்கிப் பாதியில் கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

உனக்கு நான் சொல்லும் கப்பல் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. திருகோணமலையின் பெயர்தான். 1782 செப்டம்பரில் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் மோதிய கடற்போரின் நினைவாக வைத்தது. அந்த இருவரும் நாகப்பட்டினத்துக்கு எதிரிலும் கடலூருக்கு எதிரிலும்கூட மோதியவர்கள். கப்பலைக் கட்டியது பம்பாய்க் கப்பல்கட்டும் துறையில், வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்சேத்ஜி பொமன்ஜி. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிப்போயிருந்த காலம் அது. அதனால் மலபார் தேக்கில் கட்டினார்கள். பார்சி வழக்கப்படி, கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டையில் வெள்ளி ஆணி ஒன்றை அடித்து வேலையைத் தொடங்கி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கினார்கள். இன்றும் அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. போய்ப் பார்க்கலாம், தளத்தில் நடக்கலாம். ஒரே பீரங்கித் தளம், மூன்று பாய்மரம். முதல் முயற்சிக்கு இதற்குமேல் பொருத்தமான போர்க்கப்பலை எனக்குத் தெரிந்து சொல்ல முடியாது.

இதன் வரைபடத்துக்கே ஒரு கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிட்யூஷன் அடித்து நொறுக்கிவிட்டது. வரைபடங்கள் போயின. மறுபடி ஒரு படி அனுப்பவேண்டியிருந்தது. வரைபடம் கையில் இல்லாமல் பம்பாயின் தேர்ந்த தச்சர்களாலேயே ஏராவை வைக்க முடியவில்லை என்பதை நீ மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் பழைய கப்பல் வரைபடங்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பணம் கட்டினால் நகல் தருவார்கள். மரம் வாங்குவதற்கு முன் அந்தச் செலவைச் செய்.

வரைபடம் வந்ததும் உன்னை நீயே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி: நான் செய்யப்போவது எந்த ஆண்டின் டிரிங்கோமலி? இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். 1817இல் பம்பாயில் இறங்கியது ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல். 1845இல் அதன் பின்புறத்தை வேறு வடிவத்தில் மாற்றிக் கட்டி, பீரங்கிகளைக் குறைத்து, குறைந்த எண்ணிக்கையிலேயே கூடுதல் வலுவுள்ளவற்றை வைத்து, ஃபிரிகேட்டுக்கு அடுத்த வகையான கார்வெட் என்று மாற்றினார்கள். பிறகு அது பயிற்சிக் கப்பலானது. 1897இல் விற்கப்பட்டு, ஃபூட்ராயன்ட் என்று பெயர்கூட மாறி, 1986 வரை பிள்ளைகளுக்குக் கடற்பயிற்சி தந்தது. பழைய பெயர் திரும்பியது 1992இல்தான். ஆகவே ‘டிரிங்கோமலி’ என்று பெயர்ப்பலகை வைத்துவிட்டு 1817இன் பீரங்கிகளையும் 1845இன் பின்புறத்தையும் சேர்த்துவிட்டால், எக்காலத்திலும் கடலில் இல்லாத ஒரு கப்பலை நீ செய்திருப்பாய். கைவேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது பொய். ஓர் ஆண்டைத் தேர்ந்தெடு. ஒவ்வொரு ஐயத்தையும் அந்த ஆண்டிடமே கேள்.

அளவு 1:72 போதும். பீரங்கித் தளம் ஏறத்தாழ 150 அடி, மாதிரியில் 25 அங்குலம் வரும். முன்னால் நீளும் மரத்தையும் சேர்த்தால் மூன்றடியைத் தாண்டும். வைக்க இடம் இருக்கிறதா என்று உன் அம்மாவிடம் இப்போதே பேசிவிடு. அட்டையில் 2.3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மனிதனை வெட்டி வைத்துக்கொள். ஐந்தரை அடி மாலுமி இந்த அளவில் அவ்வளவுதான். கைப்பிடிச் சுவர், ஏணி, பீரங்கி, கதவு எது செய்தாலும் அவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார். ஏணிப் படி அவன் இடுப்புக்கு வந்தால் எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது.

கப்பல் தேக்கு என்பதால் நீயும் தேக்கு தேடி அலையாதே. தேக்கின் கண்துளைகள் பெரியவை, சிறிய மாதிரியில் பலகைக்கே பொத்தல் விழுந்ததுபோல் தெரியும். அதில் உள்ள எண்ணெய்ப் பசையால் ஒட்டவும் தகராறு செய்யும். நெருங்கிய இழை உள்ள மரம் வேண்டும். நம் பக்கத்தில் மஞ்சக்கடம்பு இருக்கிறது. சென்னபட்டண பொம்மைகளுக்குக் கடைசல் பிடிக்கும் வெப்பாலையும் நல்லது. வெள்ளையாக, மென்மையாக, உளிக்கு இணங்கும்.

உடலைச் செய்யும் இடத்தில்தான் நீ நிதானிக்கவேண்டும். பிளைவுட்டில் ஏராவையும் அதன் குறுக்கே விலா எலும்புபோல் நிற்கும் வங்குகளையும் வெட்டி நிறுத்திய பிறகு, மெல்லிய மூங்கில் பட்டையை முன்முனையான அணியத்திலிருந்து பின்புறம்வரை வங்குகள்மேல் வளைத்துப் பிடி. எல்லா வங்கையும் அது தொட வேண்டும். ஓரிடத்தில் தூக்கினால் அந்த வங்கை உப்புத்தாளால் தேய். ஓரிடத்தில் இடைவெளி விட்டால் அங்கே ஒரு சிம்பு ஒட்டி உயர்த்து. பட்டையை மேலும் கீழும் நகர்த்தி இதையே திரும்பத் திரும்பச் செய். பார்வைக்கு எந்த முன்னேற்றமும் தெரியாத வேலை இது. பலகை மூடிய பிறகு யாரும் இதைப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனால் இதில் விட்ட மேடும் பள்ளமும் பலகையிலும் அதன்மேல் ஒட்டும் செப்புத் தகட்டிலும் அப்படியே வெளியே வரும். அப்போது திருத்த வழி கிடையாது.

பலகை ஒட்டும்போது புதியவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நடு வங்கின் சுற்றளவு பெரிது, அணியத்தில் சிறிது. ஒரே அகலமுள்ள பட்டிகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு போனால் நடுவில் சரியாக நிற்கும், முன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மரம் தட்டையான பக்கம் வளையும், விளிம்புப் பக்கம் வளையாது. ஆகவே ஒவ்வொரு வங்கின் சுற்றளவையும் காகிதக் கீற்றால் அளந்து, பட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, வங்கிலேயே பென்சிலால் குறி. அந்தக் குறிக்கு ஏற்ப ஒவ்வொரு பட்டியையும் முன்பக்கம் ஒடுக்கி இழை. வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, காய்ந்த பிறகு ஃபெவிகால் இட்டு ஒட்டு. இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும்.

நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு வரும். மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைத் தடுக்க அந்நாளில் அடித்தது. ஒரு தகடு நான்கடிக்குப் பதினான்கு அங்குலம், மாதிரியில் 17க்கு 5 மில்லிமீட்டர். கடையில் விற்கும் தகடுகளில் ஆணித்தலைகள் கொப்புளமாகத் துருத்திக்கொண்டிருக்கும். 72 மடங்கு சுருக்கிய ஆணித்தலை கண்ணுக்கே தெரியாது. வழவழப்பான தகட்டை நீயே வெட்டிக்கொள்.

கயிற்றுக்கு வருவோம். பழைய கப்பல் பட்டியல்களில் 9 அங்குலக் கயிறு என்று போட்டிருந்தால் அது சுற்றளவு, விட்டம் அல்ல. 9 அங்குலச் சுற்றளவுக்கு உன் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் நூல் போதும். விட்டம் என்று எண்ணினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும், பாய்மரத்தையே கயிறு விழுங்கிவிடும். பாய்மரங்களைத் தாங்கி நிலையாக நிற்கும் வடங்கள் தார் பூசியவை, அவை கறுப்பு. பாயையும் அது தொங்கும் குறுக்குமரமான பறுமலையும் இழுக்கும் கயிறுகள் வெளிர்பழுப்பு. நூலைத் தேன்மெழுகில் இழுத்துக் கட்டினால் பிசிர் அடங்கும். நைலான் வேண்டாம், நாளாக ஆகத் தொய்யும். கட்டும் வரிசை நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் போகவேண்டும், இல்லையென்றால் பிறகு சாமணம் உள்ளே நுழையாது.

பாய் விரிக்கவேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பது என் தீர்ப்பு. எவ்வளவு மெல்லிய துணியும் இந்த அளவில் கோணிச்சாக்காகவே தெரியும். தவிர, விரித்த பாய் நீ பாடுபட்டுக் கட்டிய கயிறுகளை மறைத்துவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் மெல்லிய காகிதத்தைச் சுருட்டிப் பறுமலில் கட்டிவிடு.

கிட் பெட்டி வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வங்குகளைச் சரியாக வெட்டித் தருகிறார்கள், முதல் கப்பலுக்கு அது பெரிய உதவி. ஆனால் பெட்டியில் உள்ள குறிப்பை வரைபடத்தோடு ஒத்துப்பார்க்காமல் ஒட்டாதே. பீரங்கிச் சாளரங்களின் எண்ணிக்கை, பின்புறத்தின் வளைவு, பாய்மரங்களின் சாய்வு இந்த மூன்றையும் நீயே அளந்து பார். முரண்பட்டால் வரைபடத்தை நம்பு.

இந்த வாரமே கிரீனிச்சுக்கு எழுதி நகலுக்குக் கேட்டுவிடு. வங்குகளை நிறுத்தி, மூங்கில் பட்டையை வளைத்துப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்னாலிருந்தும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துப் பதில் எழுதும்வரை ஒரு பலகைகூட ஒட்டாதே.

அன்புடன்,
பெரியப்பா