கைதியும் காவலரும்: செஞ்சிக்கோட்டையை வைத்து முதல் சாகச ஆட்டம் நடத்த முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று வருகிறவர்கள் பலர் திண்டிவனம், செஞ்சி வழியாகத்தான் வருகிறார்கள். செஞ்சியைத் தாண்டும்போது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளும் அவற்றை வளைத்து ஓடும் மதிலும் பேருந்திலிருந்தே தெரியும். அங்கிருந்து மேல்மலையனூர் சுமார் 20 கிலோமீட்டர். கைதி, காவலர், மீட்பு என்று ஒரு சாகசக் கதையை மேஜையில் ஆடிப்பார்க்க நினைக்கும் புதியவருக்குச் செஞ்சிக்கோட்டையைவிட நல்ல களம் கிடைப்பது கடினம்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியபடியே கதையை வளர்க்கும் ஆட்டம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதன் தொடக்கம். ஒருவர் கேம் மாஸ்டர். கூத்தில் கட்டியக்காரன் செய்வதுபோல, களத்தை விவரிப்பதும் இடையில் வந்துபோகிற எல்லாருக்காகவும் பேசுவதும் அவர் வேலை. மற்றவர்கள் “நான் இதைச் செய்கிறேன்” என்பார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருளும்.

இந்த ஆட்டங்களில் கைதி என்றாலே குகையில் காத்திருக்கும் இளவரசிதான் நினைவுக்கு வருவாள். வாசலில் நிற்கிறவனை வெட்டிவிட்டு அவளைக் கூட்டிவந்தால் கதை முடிந்தது. அந்தக் கைதிக்குச் சொந்த எண்ணம் கிடையாது, காவலனுக்குப் பெயர்கூடக் கிடையாது. எனக்கு இது பொறுக்கவில்லை. பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே கயிற்றின் இரு முனையில் கட்டுண்டவர்கள் என்பதை ஆட்டத்தில் கொண்டுவந்தால் கத்தியே எடுக்காமல் மூன்று மணி நேரம் போகும். செஞ்சியின் வரலாறே அதற்குச் சாட்சி.

படி 1: உட்காரும் முன் பேசிக்கொள்ளுங்கள்

சிறை என்றதும் சித்திரவதை, பட்டினி, பாலியல் கொடுமை, சாதி இழிவு எல்லாம் கதைக்குள் எட்டிப்பார்க்கும். எது வரவே கூடாது, எது நடந்தாலும் திரை போட்டுவிட்டு நகர வேண்டும் என்று முதலிலேயே எல்லாரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் சொன்ன வழி இது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இன்னும் எளிது. எக்ஸ் போட்ட ஒரு அட்டை நடுவில் இருக்கும். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும், காரணம் கேட்கக்கூடாது.

நம் பகுதியில் இது சம்பிரதாயத்துக்குச் செய்கிற வேலை இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. இருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை வட மாவட்டங்களில் நாம் தொடர்ந்து படித்துவந்திருக்கிறோம். உங்களோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய தாத்தா முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்தவராக இருக்கலாம். அவர் முன்னால் அடிமைச் சந்தையை அலங்காரக் காட்சியாக விரிக்காதீர்கள். அவர் விரும்பி அதைக் கதைக்குள் கொண்டுவந்தால் அவர் சொல்கிறபடி போகட்டும்.

படி 2: சிறைக்கு ஒரு வரைபடம்

ராஜகிரி உச்சியை நெருங்கும்போது பாறை பிளந்து நிற்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதைக் கடக்கப் பாலம்தான் வழி. பாலத்தை எடுத்துவிட்டால் கீழே இருப்பவன் ஏற முடியாது, மேலே இருப்பவனும் இறங்க முடியாது. ஆட்டத்துக்கு இந்த ஒரு இடம் போதும்.

கோட்டைக்குள்ளேயே ‘கைதிக் கிணறு’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். பாறைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய குண்டுக்கல், அதன் நடுவே குழி, விளிம்பில் செங்கல் சுவர். தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்றதாகச் சொல்வார்கள். இதை மிரட்டலாக மட்டும் பயன்படுத்துங்கள். யாரையும் உள்ளே தள்ளிவிட்டால் ஆட்டக்காரருக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது.

தாளில் மூன்று இடங்களைக் குறித்தால் போதும்: கைதி இருக்கும் இடம், காவலர் சாப்பிடும் இடம், தண்ணீர் வரும் வழி. மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். மலைக்கோட்டையில் குடம் சுமந்து மேலே வருகிறவருக்கு எல்லா வாசலும் திறக்கும்.

படி 3: கைதி ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறார்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கதை நகராது. 1689-இல் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். முற்றுகை 1698 வரை, இடையிடையே விட்டு விட்டு, நீண்டது. அந்த எட்டு ஆண்டுகளில் எத்தனை விதமான கைதிகள் என்று பாருங்கள்.

1692 இறுதியில் சாந்தாஜி கோர்படே காஞ்சிபுரத்து முகலாய அதிகாரி அலி மர்தான் கானைப் போரில் பிடித்துச் செஞ்சிக்குக் கொண்டுவந்தார். பெரும் பிணைத்தொகை கைமாறிய பிறகே அவருக்கு விடுதலை. இவர் பணத்துக்காகக் காக்கப்பட்ட கைதி. ராஜாராமின் அண்ணன் மகன் ஷாஹு 1689-இல் ஏழு வயதில் ராய்கட்டில் தாயோடு பிடிபட்டவர். 1707 வரை முகலாயர் பாசறையிலேயே வளர்ந்தார். அவர் அரசியலுக்காகக் காக்கப்பட்டவர். இவர்களுக்கெல்லாம் வரலாற்றில் பெயர் இருக்கிறது.

பெயர் இல்லாதவர்களும் உண்டு. தென்னாட்டைப் போர் அலைக்கழித்த 1694 முதல் 1696 வரையிலான காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து 3,859 பேர் அடிமைகளாக இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்டதை டச்சுக்காரர் ஆவணங்கள் காட்டுகின்றன. அலி மர்தான் கானுக்குப் பிணைத்தொகை வந்தது. இவர்களுக்காகக் கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. உங்கள் கதையில் ஒரு பிரபு கைதியாக இருந்தால், அதே கொட்டடியில் ஒரு நெசவாளரையோ உழவரையோ கட்டாயம் வையுங்கள். யாரை முதலில் மீட்பது என்ற கேள்வி தானாக எழும், ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் வாதாடத் தொடங்குவார்கள்.

ஒவ்வொரு கைதிக்கும் இரண்டு வரி எழுதுங்கள். அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி. விடுதலையானதும் அவர் முதலில் போக நினைக்கும் இடம்.

படி 4: காவலரையும் கட்டிப்போடுங்கள்

மேல்மலையனூர் தலபுராணத்தில் பிரம்மாவின் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. கிள்ளியவரே அதற்குக் கட்டுப்பட்டு, பிச்சை எடுத்ததையெல்லாம் அதற்கே கொடுத்துவிட்டுப் பசியோடு அலைகிறார். கடைசியில் அன்னை சோற்றைத் தரையில் இறைக்க, அதைத் தின்னக் கபாலம் கையைவிட்டு இறங்குகிறது. அவள் அங்காளியாகப் பேருருவெடுத்து அதை மிதித்து அடக்குகிறாள். அங்கே நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவில் ஊரே திரண்டு சோறும் தானியமும் இறைப்பது இந்தக் கதையை நினைத்துத்தான். பிடித்திருப்பவரே பிடிபட்டவர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது.

சுல்பிகர் கானின் நிலையும் அதுதான். முற்றுகையிட வந்தவரின் பாளையத்தையே மராட்டியப் படை சுற்றிக்கொண்டது, தானியம் வருவது நின்றது. ஔரங்கசீப் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உடன் வந்திருந்த பேரரசரின் இளைய மகன் காம் பக்ஷ் ராஜாராமோடு இரகசியமாகப் பேச்சு நடத்துவது தெரிந்ததும், சுல்பிகர் கானும் அவர் தந்தை அசத் கானும் சொந்த இளவரசரையே காவலில் வைத்தார்கள். பிறகு எதிரியோடு சமாதானம் பேசி, 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். பேரரசர் மகனைச் சிறைவைத்துவிட்டு அந்தப் பேரரசருக்கே கடிதம் எழுதவேண்டிய தளபதி! இப்படி ஒரு எதிராளி கிடைத்தால் எந்த கேம் மாஸ்டருக்கும் கை பரபரக்கும்.

சிறு காவலருக்கும் இதையே செய்யுங்கள். அவர் யாருக்குப் பயப்படுகிறார், கைதியிடமிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்ற இரண்டு மட்டும் தெரிந்தால் போதும்.

படி 5: முதல் காட்சியை நடத்துங்கள்

ஆட்டக்காரர் ஒருவர், முகலாயப் பாளையத்தில் தானியக் கணக்கு எழுதியவராக ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவில் அவர் ராஜகிரி மேல் அடைபட்டிருக்கிறார். நீங்கள் காவலராகப் பேசுகிறீர்கள்.

“கணக்கரே, கீழ உங்க பாளையத்துல அரிசி இன்னா விலைக்கு விக்குது?”

“எதுக்குங்க கேக்குறீங்க?”

“எங்க ஊரு அந்தப் பக்கந்தான். பொண்டாட்டி புள்ளைங்க அங்கதான் கிடக்குது. மூணு மாசமா ஒரு சேதியும் இல்ல.”

இங்கே நிறுத்திவிட்டு ஆட்டக்காரரைக் கேளுங்கள்: “என்ன சொல்லப் போறீங்க?” பஞ்சம் என்ற உண்மையைச் சொன்னால் காவலர் கலங்குவார். பொய் சொன்னால் ஆறுதலடைவார், பிறகு தெரிந்தால் வெறுப்பார். “உங்க வீட்டுக்குச் சேதி நான் கொண்டுபோறேன்” என்றால் பேரம் தொடங்கும். இதுவரை பகடை தேவையே இல்லை.

காவலர் நம்புவாரா என்ற இடத்தில் சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 10 அல்லது மேல் என்றால் நம்புகிறார். 7 முதல் 9 வரை என்றால் நம்புகிறார், ஆனால் ஒரு விலை கேட்கிறார். 6 அல்லது கீழே என்றால் வேறு சிக்கல் முளைக்கிறது. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்தின் முறை இது. சிறைக் கதைக்கு அந்த நடு விடைதான் உயிர்.

படி 6: ஆட்டக்காரர்களே பிடிபட்டால்

இதில்தான் புதியவர்கள் மிகவும் இடறுகிறார்கள். ஆசையாக வளர்த்த பாத்திரத்தின் வாளையும் பையையும் பிடுங்கிக்கொண்டு இருட்டறையில் போட்டால் ஆட்டக்காரருக்குக் கோபம் வரும். அது நியாயமான கோபம். சண்டையில் கட்டாயம் தோற்கும்படி வைத்துப் பிடிப்பதைவிட, கதையையே சிறைக்குள் தொடங்குவது மேல். 1981-இல் வந்த ‘இன் த டன்ஜன்ஸ் ஆஃப் த ஸ்லேவ் லார்ட்ஸ்’ சாகசம் ஆயுதம் எதுவுமற்ற கைதிகளாகவே ஆட்டக்காரர்களைத் தொடங்கவைத்தது. 2015-இல் வந்த ‘அவுட் ஆஃப் த அபிஸ்’ பாதாள உலகச் சிறையில் தொடங்கி, உடன் அடைபட்ட பல கைதிகளையும் துணைக்குத் தந்தது.

சிறைக்குள்ளும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். ஒருவர் காவலரோடு பேசட்டும், ஒருவர் சுவரின் கல்லைத் தடவட்டும், இன்னொருவர் பக்கத்துக் கொட்டடிக் கைதியின் காய்ச்சலைக் கவனிக்கட்டும். உங்கள் மனதில் வெளியேறும் வழி குறைந்தது மூன்று இருக்கட்டும். நான்காவதாக அவர்களே ஒன்றைக் கண்டுபிடித்தால் உங்கள் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

எதிரி சரணடைந்து, அவர்களே சிறைபிடிப்பவர்களாகும் நாளும் வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் நெருங்கிநின்று தாக்கி வீழ்த்தும்போது கொல்லாமல் மயக்கமடைய வைக்கலாம் என்று விதியே இருக்கிறது. இருந்தும் பலர் கைதியைக் கொன்றுவிடுகிறார்கள். உயிரோடு விட்டவன் முதுகில் குத்துவான் என்று கேம் மாஸ்டர்கள் பழக்கிவிட்டதே காரணம். முதலில் விடப்படும் கைதி சொன்ன சொல்லைக் காப்பாற்றட்டும். அடுத்த முறை அவர்களே கயிறு எங்கே என்று கேட்பார்கள்.

படி 7: விடுதலைக்கு விலை வையுங்கள்

1697 இறுதியில் ராஜாராம் முற்றுகை வளையத்தைக் கடந்து வேலூர் வழியாகத் தப்பிவிட்டார். சுல்பிகர் கானே கண்டும் காணாமல் விட்டார் என்ற சந்தேகம் அன்றே இருந்தது. முகலாயர் பக்கம் இருந்த கணோஜி ஷிர்கே உதவியதாகவும், அதற்கு விலையாக ராஜாராமின் ஆள் ஒருவர் தன் குடும்பத்தின் பரம்பரை நில உரிமையான வதனையே விட்டுக்கொடுத்ததாகவும் மராட்டிய மரபு சொல்கிறது. அரசர் தப்பினார், ஆனால் 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது குடும்பத்தார் பலர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். தப்பும் காட்சியை எழுதும்போது யார் பின்தங்குகிறார்கள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யாதீர்கள், அதை ஆட்டக்காரர்கள் கையில் விடுங்கள்.

படி 8: மறுநாளையும் ஆடுங்கள்

ஷாஹு 1707-இல் விடுதலையானபோது அவருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது. ஊர் திரும்பியவரை ராஜாராமின் விதவை தாராபாய் அரசராக ஏற்கவில்லை. இருவருக்கும் போர் மூண்டது. தாய் யேசுபாயோ 1719 வரை முகலாயர் கையில் பிணையாகவே இருந்தார். ஆகவே மீட்பு முடிந்த கையோடு ஆட்டத்தை மூடாதீர்கள். அடுத்த அமர்வின் தொடக்கத்தில் மீண்டுவந்த ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டில் உங்கள் இடத்தில் இப்போது யார் இருக்கிறார்? உள்ளே இன்னும் யாரை விட்டு வந்திருக்கிறீர்கள்? அந்தக் காவலருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள்? பதில்களை எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாவது சாகசம் அந்தத் தாளிலேயே இருக்கும்.