பழ ஈயின் ஆயுளும் தாங்குதிறனும்



கோடைகாலத்தில் லிட்கம் வீடுகளின் சமையலறையில் கனிந்த வாழைப்பழத்தைத் திறந்து வைத்தால், எள்ளளவான ஈக்கள் வந்து மொய்க்கும். விஞ்ஞானிகள் இதனைத் துரோசோபிலா என்பர். தோட்டத்துப் பழங்களைத் துளைத்து முட்டையிடும் குயீன்ஸ்லாந்துப் பழ ஈ வேறு; இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது. துரோசோபிலாவின் முட்டை ஏறத்தாழப் பத்து நாளில் ஈயாகின்றது. ஆய்வுகூடத்தில் ஓராண்டுக்குள் இருபதுக்கு மேற்பட்ட தலைமுறைகளைக் காணலாம். பிறப்புரிமையியலார் நூறாண்டுக்கு மேலாக இதனை விரும்புவது இதனாலேயே.

ஓர் உயிரின் ஆயுளில் பரம்பரையலகுகளுக்குப் பங்குண்டா? தமிழகத்தார் மரபணு என்று கூறுவதையே நாம் பரம்பரையலகு என்கிறோம். 1980களில் மைக்கல் ரோஸ் என்னும் ஆய்வாளர், முதிய ஈக்கள் இட்ட முட்டைகளிலிருந்து மட்டும் அடுத்த தலைமுறையை வளர்த்து வந்தார். தலைமுறைகள் செல்லச் செல்ல ஆயுள் நீண்டது. அவ்வீக்கள் பட்டினியையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கின. ஆனால் இளமையில் இடும் முட்டைகள் குறைந்தன.

மெல்பேர்ணில், லா துரோப் பல்கலைக்கழகத்தின் ஆரி ஹொஃப்மன், பீற்றர் பார்சன்ஸ் ஆகிய இருவரும் மறுமுனையிலிருந்து தொடங்கினர். ஈக்களை வறண்ட காற்றில் அடைத்து, பெரும்பாலானவை மடிந்தபின் எஞ்சியவற்றையே பெருக்கினர். 1989இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் வியப்புக்குரியவை. வறட்சிக்காகத் தேர்ந்தெடுத்த ஈக்கள் பட்டினியையும் அற்ககோலின் நச்சுத்தன்மையையும் கூடத் தாங்கின! அவற்றின் அனுசேபம் மந்தமாயிருந்தது, நடமாட்டமும் குறைவு. சக்தியைச் சிக்கனமாகச் செலவிட்டமையால் பல இடர்களையும் ஒருங்கே தாங்கின என்று அவர்கள் விளக்கினர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியொரு ஈ வறட்சிக்குப் பழகிக்கொள்ளவில்லை, மாறியது பரம்பரையே. பரீட்சையில் மாணவர் பலர் தவறவிடும் இடம் இது.

எல்லா இனங்களுக்கும் இவ்வாறு மாற இயலுமா? வட குயீன்ஸ்லாந்தின் மழைக்காடுகளில் துரோசோபிலா பேர்ச்சியை என்றோர் இனம் உண்டு. சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த சார்ள்ஸ் பேர்ச்சின் பெயரைத் தாங்கியது அது. ஹொஃப்மன் குழுவினர் முப்பது தலைமுறைகளுக்கு மேல் தேர்ந்தெடுத்தும் அதன் வறட்சித் தாங்குதிறன் உயரவில்லை என 2003இல் அறிவித்தனர். காடு வறண்டால் இவ்வினம் அழியுமோ என்ற அச்சம் எழுந்தது.

2014இல் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர் வேறோர் முடிவை வெளியிட்டனர். முன்னைய சோதனையின் காற்று மழைக்காட்டில் காணவியலாத அளவு வறண்டது. 35 சதவீத ஈரப்பதனில் தேர்ந்தெடுத்தபோது, ஐந்து தலைமுறைகளிலேயே தாங்குதிறன் கூடிற்று. எவருமே சித்தியடைய முடியாத வினாத்தாளைக் கொண்டு வகுப்பை அளந்ததற்கு ஒப்பானது முதற்சோதனை என்பது நம் கருத்து. ஆயினும் காட்டின் வறட்சி விரைந்து வருமா, ஈயின் தலைமுறைகள் அதனை முந்துமா என்பது இன்னும் முடியாத கணக்கு.