மகன் முந்திவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு என்ன?



வாப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு மகன் மவுத்தாகிவிடுகிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். பிறகு வாப்பாவும் மவுத்தாகிறார். மற்ற மகன்கள் இருக்கிறார்கள். பாட்டனாரின் சொத்தில் அந்த யத்தீம் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா?

வாரிசு முறையில் இல்லை. மகன் இருக்கும்போது இன்னொரு மகனின் பிள்ளைகள் வாரிசாவதில்லை. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படி இதுவே நிலை.

அப்படியானால் யத்தீம்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது: வஸிய்யத். அதைப் பாட்டனார்தான் செய்ய வேண்டும், உயிரோடு இருக்கும்போதே.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது சொத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தினார்கள். அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. வாரிசாகாத பேரனுக்கும் பேத்திக்கும் செய்யலாம்.

சொத்து 30 லட்சம் என்று வையுங்கள். அடக்கச் செலவும் கடனும் 3 லட்சம். (மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடன்தான். பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை!) மீதி 27 லட்சத்தில் 9 லட்சம் வரை எழுதலாம். அதற்கு மேல் போனால், அவர் மவுத்துக்குப் பின் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும்.

வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும். ஆனால் பங்காளிச் சண்டை கோர்ட்டுக்குப் போனால் நிரூபிப்பது பெரும்பாடு. இரண்டு சாட்சிகளோடு எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். முஸ்லிமின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயமில்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை நம்பியும் இருந்துவிடாதீர்கள். அது யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதில்லை.

மகனை இழந்த பெரியவர்கள், கணக்கை ஆலிமிடமும் வாசகத்தை வழக்கறிஞரிடமும் காட்டி இந்த வாரமே எழுதிவிடுங்கள்.