விமரிசகர்கள் கேட்ட பில் எவன்ஸ்

எங்கள் அடுக்குமாடியில் கீபோர்டு கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி, "தாத்தா, ஜாஸ் பியானோவில் முதலில் யாரைக் கேட்கணும்?" என்று கேட்டாள். பில் எவன்ஸ் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்து, "ஒண்ணுமே நடக்கலையே தாத்தா, ஓட்டல்ல யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. 1980-களில் நாக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது நண்பர் ஒருவர் இதே ஒலிப்பதிவைக் காஸெட்டில் கொடுத்தார். பின்னணியில் கண்ணாடி டம்ளர்கள் உரசும் சத்தம், பேச்சு, நடுவே யாரோ சிரிக்கிற சிரிப்பு. காஸெட்டில் பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவன் நான்! விமரிசகர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புகழ்ந்துவரும் பதிவு அது என்று பிறகுதான் தெரிந்தது. அப்படி அதில் என்ன கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அந்தப் பெண்ணுக்குச் சொன்னதையே அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

எவன்ஸ் 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் பிறந்தவர். 1956-ல் ரிவர்சைடு என்ற சிறிய கம்பெனிக்காக முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். பத்திரிகைகள் நல்லபடியே எழுதின. ஆனால் முதல் வருடத்தில் விற்றது சுமார் 800 பிரதிகள்தான் என்பார்கள். அடுத்த தட்டுக்கு அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று இரண்டு வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். 1958 டிசம்பரில் பதிவான அந்த இரண்டாவது தட்டின் அட்டையில் படமே கிடையாது. மைல்ஸ் டேவிஸ், ஜார்ஜ் ஷியரிங், அஹ்மத் ஜமால், கேனன்பால் ஆடர்லி ஆகிய நால்வர் கொடுத்த பாராட்டும் அவர்களுடைய கையெழுத்தும்தான். அதைப் பார்த்த எவன்ஸ், "என் அம்மாவிடமும் ஒரு வரி வாங்கியிருக்கலாமே" என்கிற தோரணையில் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸிடம் கேட்டாராம். கூச்ச சுபாவம். பியானோ மேல் குனிந்து, முகம் ஏறக்குறைய கட்டைகளைத் தொடும்படி உட்கார்ந்திருப்பார்; படங்களில் பார்க்கலாம்.

இனி பாடத்துக்கு வருவோம். கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் இதை வாசித்தே பார்க்கலாம்.

மேல்நாட்டு இசையில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் அழுத்துவதைக் 'கார்ட்' என்கிறோம். நம் கணக்கில் ஸ, க, ப, நி நான்கையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கார்ட். அதில் ஸ தான் அஸ்திவாரம். சாதாரணமாகப் பியானோக்காரரின் இடது கை அந்த ஸ-வைப் பலமாகப் பிடித்துக்கொள்ளும். எவன்ஸ் அதை விட்டுவிட்டு க, ப, நி, ரி என்று பிடிப்பார். வாசித்துப் பாருங்கள், கார்ட் தரையில் நிற்காமல் சற்று மேலே மிதக்கிற மாதிரி இருக்கும். இதை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை ஒரு முறையாக ஆக்கி, பின்னால் வந்த பியானோக்காரர்கள் எல்லாம் பின்பற்றும்படி செய்தவர்களில் முதன்மையானவர் இவரே.

அஸ்திவாரத்தை இவர் விட்டுவிட்டால் யார் போடுவது? டபுள் பாஸ் வாசிப்பவர். அதுவரை மூவர் குழுவில் பாஸ், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டை மாதிரி. பாரம் தாங்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எவன்ஸின் குழுவில் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, அஸ்திவார ஸ்வரத்தைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுவிட்டு, மற்ற நேரத்தில் பியானோவுக்குப் பதில் சொல்வார், குறுக்கே பேசுவார், சில சமயம் முந்திக்கொள்வார். பால் மோஷனும் டிரம்ஸில் எண்ணிக்கையை அடித்துக்காட்டாமல், தாளம் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்துக்குக் காத்திருப்பார் அல்லவா? இங்கே யாரும் காத்திருப்பதில்லை. மூவரும் சமம். விமரிசகர்கள் முதலில் பாராட்டுவது இதைத்தான். ஓட்டல் வாசிப்பு என்று அந்தப் பெண் நினைத்ததற்கும் இதுவே காரணம்: பியானோவை மட்டும் கேட்டிருக்கிறாள்.

இந்தக் குழு மொத்தம் நான்கு தட்டுகளே தந்தது. அவற்றில் இரண்டு, 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில் பதிவானவை. இடம் நியூயார்க்கில் 'வில்லேஜ் வேன்கார்டு' என்ற நிலவறை. படியிறங்கிப் போக வேண்டிய, ஆப்பு வடிவத்தில் குறுகிப்போகும் சிறிய இடம். மதியம் இரண்டு, இரவு மூன்று என்று ஐந்து அமர்வுகள். தூக்கிச் செல்லக்கூடிய டேப் ரெக்கார்டரை வைத்து டேவ் ஜோன்ஸ் பதிவு செய்தார். முதல் பாட்டின் நடுவிலேயே ஒரு கணம் மின்சாரம் போனது. 2005-ல் வந்த முழுத் தொகுப்பில் அந்த இடத்தையும் கேட்கலாம். வந்திருந்தவர்களில் பலர் சாப்பிடவும் பேசவும் வந்தவர்கள். நான் பழுது என்று நினைத்த டம்ளர் சத்தம் அவர்களுடையதுதான். இந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் ஆடம் காப்னிக் 2001-ல் நியூயார்க்கர் பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதினார்.

முதலில் 'மை ஃபூலிஷ் ஹார்ட்' கேளுங்கள். மிகவும் மெதுவான பாட்டு. இதில் பியானோவை விட்டுவிட்டு பாஸை மட்டும் தொடருங்கள். ஒரு ஸ்வரம் ஒலித்து அடங்கும் வரை அடுத்ததைப் போடாமல் இருக்கும் பொறுமையைக் கவனியுங்கள். அடுத்தது 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. எவன்ஸ் தம் அண்ணன் மகளுக்காகச் செய்தது. மூன்று எண்ணிக்கையில் பியானோவும் பாஸும் குழந்தை நடப்பது போலத் தொடங்கும். பிறகு டிரம்ஸ் சேர்ந்து நான்கு எண்ணிக்கைக்கு மாறும். மாறுகிற இடத்தை விரலால் எண்ணிப் பிடியுங்கள். நான் முதல் சில தடவை தவறவிட்டேன்.

எல்லோரும் அவரைப் புகழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துள்ளல் போதாது, உள்ளுக்குள்ளேயே முனகும் சங்கீதம் என்று எழுதியவர்களும் உண்டு. நானும் எல்லாவற்றையும் ஏற்பவன் அல்ல. 1963-ல் மூன்று பியானோவையும் தாமே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்த தட்டுக்கு அவருக்கு கிராமி பரிசு கிடைத்தது. எனக்கு அது நெரிசலாகப் படுகிறது. இடம் விட்டு வாசிப்பவர் என்று பெயர் வாங்கியவர், அதில் இடமே விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோராம் நாள், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் மேடை ஏறவில்லை. போதைப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. பின்னர் வேறு பாஸ்காரர்களோடு வாசித்தார், மொத்தம் ஏழு கிராமி வாங்கினார், 1980-ல் 51 வயதில் காலமானார்.

ஜூன் 25 பதிவிலிருந்து முதல் தட்டுக்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தபோது எவன்ஸும் கீப்நியூஸும், லஃபாரோ நன்றாகக் கேட்கும் பாட்டுகளையே எடுத்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் லஃபாரோ இயற்றிய பாட்டுகளை வைத்தார்கள். கடைசியில் வரும் 'ஜேட் விஷன்ஸ்' அவர் இயற்றியது; அன்றிரவின் கடைசி அமர்வில் வாசித்தது. அது முடிந்ததும் வரும் கைதட்டலைக் கேளுங்கள். சிலர்தான் தட்டுகிறார்கள்.