பாட்டு இறக்குவது குற்றமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

இணையத்திலிருந்து பாட்டு இறக்குவது பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை கேசட் காலத்தில் பிறந்தவை. பிடித்த பாட்டுகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தால், ரெக்கார்டிங் கடைக்காரர் வெற்று கேசட்டில் பதிந்து தருவார். தப்பு ஏதாவது இருந்தால் அது கடைக்காரருடையது, வீட்டில் போட்டுக் கேட்பவருக்கு அதில் பங்கில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர் என்ற அந்தப் பிரிவு அன்று தெளிவாக இருந்தது. கேட்பவர்களே ஒருவருக்கொருவர் கோப்புகளை அனுப்பிக்கொள்ளும் டோரண்ட் வந்து அதை அழித்துவிட்டது. ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி மாறவில்லை: யார் அனுமதியோடு பிரதி எடுக்கப்பட்டது, அது யார் யாருக்குப் போனது? நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம், 1957-ஐ முன்னால் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டால் பல நம்பிக்கைகள் நிற்காது. சில பயங்களும் நிற்காது.

நம்பிக்கை 1: டோரண்ட் பயன்படுத்துவதே சட்டவிரோதம்.

உண்மை: கணினிக்குக் கணினி நேரடியாகக் கோப்பு அனுப்பும் முறையை இந்தியாவில் எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை வெளியிடுபவர்களே டோரண்ட் மூலமும் தருகிறார்கள். அமெரிக்க வழக்குகளும் தொழில்நுட்பத்தையே குற்றவாளி ஆக்கவில்லை. 1999-ல் தொடங்கிய பாட்டுப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டர் 2001-ல் மூடப்பட்டதற்குக் காரணம், தன் சேவையில் அனுமதியற்ற பாட்டுகள் கைமாறுவது தெரிந்தும் அதைத் தடுக்காமல் விட்டது. 2005-ல் க்ரோக்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிப்புரிமையை மீறச் சொல்லித் தூண்டும் நோக்கத்தோடு ஒரு மென்பொருளைப் பரப்பியவர் அந்த மீறலுக்குப் பொறுப்பாவார் என்றது. இரண்டிலும் பார்க்கப்பட்டது நடத்தையும் நோக்கமும்தான்.

நம்பிக்கை 2: திருட்டுப் பிரதியைப் பார்த்தாலே, கேட்டாலே சிறை.

உண்மை: முடக்கப்பட்ட தளங்களில் ஒரு காலத்தில் வந்த எச்சரிக்கை அறிவிப்பு இந்தப் பயத்தை ஊட்டியது. பார்ப்பதும் மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றம் என்கிற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. 2016-ல் 'டிஷூம்' இந்திப் பட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் அதைத் திருத்தினார். பார்ப்பது குற்றமல்ல, உரிமையாளருக்குப் பாதகமாக விநியோகிப்பது, பொதுவெளியில் திரையிடுவது, விற்பது, வாடகைக்கு விடுவது ஆகியவையே குற்றம் என்றார். மேலும், சட்டத்தின் 52-ஆவது பிரிவு தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கருதுவதில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பாதுகாப்பு ஒலிப்பதிவுகளுக்கும் திரைப்படங்களுக்கும் நீள்கிறது. குடிமக்களை மிரட்ட இல்லாத குற்றத்தை உருவாக்குவது எவ்விதத்திலும் நியாயமில்லை.

நம்பிக்கை 3: எனக்காகத்தான் இறக்கினேன், யாருக்கும் கொடுக்கவில்லை.

உண்மை: டோரண்ட் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இப்படிச் சொல்ல வாய் வராது. கோப்பு பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் துண்டு உங்கள் கணினிக்கு வந்து, அது பிழையற்றது என்று சரிபார்க்கப்பட்டதுமே, மென்பொருள் அதை அதே பாட்டைத் தேடும் மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். கொடுப்பவருக்கே அதிக வேகத்தில் கிடைக்கும்படி இந்த முறை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மென்பொருளின் திரையில் பதிவிறக்கத்துக்குப் பக்கத்திலேயே பதிவேற்றத்துக்கும் ஒரு எண் ஏறிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். அது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், நீங்கள் முன்பின் அறியாத யாருக்கோ பாட்டின் துண்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன. 'தனிப்பட்ட உபயோகம்' என்ற குடை இந்த விநியோகத்துக்கு நிழல் தராது. பதிவேற்றாமல் நேரடியாக இறக்கினாலும், கடையில் கிடைக்கும் ஒரு ஆல்பத்தை முழுசாகத் திருட்டுத்தளத்திலிருந்து எடுப்பதை நியாயமான பயன்பாடு என்று வாதிடுவது கடினம். சட்டம் விலக்குத் தருவது நியாயமானதற்கு மட்டும்தான். டோரண்டில் பங்கேற்பவரின் இணைய முகவரியை அதே கோப்பைப் பகிரும் எல்லோரும் பார்க்கலாம். ஜெர்மனியில் உரிமையாளர்கள் சார்பில் அந்த முகவரிகளைக் குறித்துக்கொண்டு, பணம் கேட்டு வீட்டுக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார்கள். அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை 4: காசு வாங்கவில்லை, அதனால் குற்றமில்லை.

உண்மை: 51-ஆவது பிரிவு வணிக நோக்கத்தோடு மீறல் பிரதிகளை விநியோகிப்பதை மட்டும் சொல்லவில்லை, உரிமையாளருக்குப் பாதகம் விளையும் அளவுக்கு விநியோகிப்பதையும் சேர்த்தே சொல்கிறது. தெரிந்தே மீறுபவருக்கு 63-ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. லாப நோக்கம் இல்லாதபோது, தக்க காரணங்களைப் பதிவு செய்து நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். தண்டனை குறையுமே தவிர, குற்றம் இல்லாமல் போகாது. இந்தப் பிரிவின் கீழான குற்றத்தில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அமெரிக்காவில் கஸா மென்பொருள் வழியாகப் பாட்டுகளைப் பகிர்ந்ததாக மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு பெண்மீது வழக்கு நடந்தது. அவர் அவற்றை விற்கவில்லை. ஆனாலும் 24 பாட்டுகளுக்காக 2,22,000 டாலர் இழப்பீடு 2012-ல் மேல்முறையீட்டில் உறுதியானது. இது கொடுமையான தொகை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 'விற்கவில்லை' என்ற பதில் அவரைக் காப்பாற்றவில்லை.

நம்பிக்கை 5: இலவசமாகக் கிடைக்கிறது, கேட்டுப் பார்த்துவிட்டு 24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் போதும்.

உண்மை: 24 மணி நேரச் சலுகை எந்தச் சட்டத்திலும் இல்லை. வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்கத்தான் இறக்கினேன் என்ற வாதத்தை 2005-லேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று நிராகரித்தது. இலவசம் என்பதற்கும் அனுமதி என்பதற்கும் உள்ள தூரத்தை '3' படம் நன்றாகக் காட்டுகிறது. 2011 நவம்பரில் அந்தப் படத்தின் 'கொலவெறி' பாட்டு அதிகாரப்பூர்வமாகவே யூட்யூபில் வெளியாகி, காசில்லாமல் உலகம் சுற்றியது. சில மாதங்களில் அதே படத்துக்காகத் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, அனுமதியில்லாமல் பரப்பும் பெயர் தெரியாதவர்கள்மீது தடையாணை பெற்றது. பாட்டை இலவசமாகத் தருவதும் படத்தைத் தடுப்பதும் உரிமையாளரின் முடிவுதான். அந்தத் தடையாணையைக் காட்டி இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் விமியோ போன்ற முறையான காணொளித் தளங்களைக்கூட முழுதாக முடக்கியது பெரும் தவறு. 2012 ஜூனில் நீதிமன்றம் குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே தடை என்று தெளிவுபடுத்தியது.

நம்பிக்கை 6: பழைய பாட்டுக்கு உரிமை கிடையாது.

உண்மை: ஒரு பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமைகள் உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடல் வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒலிப்பதிவின் உரிமை 2004-ன் முடிவில் தீர்ந்துவிட்டது. ஆனால் பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் 1973-ல் காலமானதால், வரிகளின் உரிமை 2033 முடியும் வரை இருக்கிறது. இசைத்தட்டு தேய்ந்த அளவுக்குப் பழையது என்பது மட்டும் போதாது.

கடைசியாக இரண்டு ஆட்சேபங்கள். நம் ஊரில் கேட்பவர்மீது யாரும் வழக்குப் போடுவதில்லையே என்பது முதலாவது. இது பெருமளவு சரி. இங்கே உரிமையாளர்கள் தளங்களையும் இணைய நிறுவனங்களையுமே துரத்துகிறார்கள். 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம், முடக்கிய தளம் புதுப் பெயரில் முளைத்தால் அதற்கும் தடையை நீட்டிக்க வழி செய்தது. ஆனால் வழக்கு வராதது அனுமதி ஆகாது. கம்பெனிக்குத்தானே நட்டம், கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் என்ன போகிறது என்பது இரண்டாவது. 2012-க்கு முன் இதில் நிறைய உண்மை இருந்தது. உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடியதால் வந்த திருத்தம், படத்தோடு தியேட்டரில் ஒலிப்பது தவிர்த்த பிற பயன்பாடுகளில் ராயல்டியின் சம பங்கை அவர்கள் விட்டுக்கொடுக்கவே முடியாததாக ஆக்கியது. அந்தப் பங்கு கணக்கில் ஏறுவது முறையான வழியில் பாட்டு பயன்படும்போதுதான். திருட்டுப் பிரதியில் அதற்குக் கணக்கே இல்லை. ஆகவே இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இலவசமா என்பதை அல்ல, உரிமையாளர் தந்ததா என்பதை. அவர் தந்திருந்தால் டோரண்டிலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தரவில்லையென்றால், அந்தப் பாட்டை எழுதியவருக்குச் சட்டம் வாங்கித் தந்த பங்கை நம் கையால் பறிக்க வேண்டாம்.